பொத்தானும் நுரையும்

1982 மே மாதம் கேரளத்தின் பரூர் தொகுதியில், 50 சாவடிகளில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாக இயங்கியது. சட்டத்தில் இடமில்லையென்று 1984-இல் உச்ச நீதிமன்றம் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. 1988-இல் சட்டமே திருத்தப்பட்டது. இன்று இவற்றைச் செய்யும் இரு நிறுவனங்களுள் ஒன்று பெங்களூரில் உள்ளது. அந்நகரின் கழிவுநீரோடு வரும் சலவைப்பொருள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்க, ஓசூருக்கருகே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரைத்துப் பொங்குவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பொத்தான் "யார்?" என்பதை மட்டுமே பதிவு செய்கிறது. "நுரையை நிறுத்துங்கள்" என்று உறுப்பினருக்குச் சொல்ல அதில் வழியில்லை. 1978-இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரை ஒட்டிய ஓர் ஊரில், 'க்யூப்' என்னும் இருவழித் தொலைக்காட்சியில் நகரமைப்புக் கூட்டத்தைப் பார்த்தவாறே, மக்கள் வீட்டிலிருந்து பொத்தான் அழுத்திக் கருத்துத் தெரிவித்தனர். கேள்வியை அமைத்தவர்கள் என்னவோ மக்களல்லர்! நம் ஆற்றுக்கு அதுவும் போதாது. கழிவு புறப்படும் ஊரின் உறுப்பினர் கர்நாடகச் சட்டமன்றத்தில் இருக்கிறார். அவருக்குக் கெலவரப்பள்ளியில் ஒரு வாக்காளர்கூட இல்லை.