வண்டித்தடம் வளர்த்த சீமை

சிவகாசிக்கு வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தீபாவளிக்கு முந்தின பத்து நாளில்தான் வருகிறார்கள். சாலையோரம் காரை நிறுத்தி, கடையில் விலை பேசி, வண்டி நிறையப் பட்டாசு ஏற்றிக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். அப்படி வந்துபோனால் எங்கள் சீமையைப் பார்த்ததாக ஆகாது. எங்கள் கதை மாட்டுவண்டியில் தொடங்குகிறது. அதை முறையாகப் பார்க்க விரும்புகிறவர்கள் மாவட்டத் தலைநகரான விருதுநகரில் முதலில் இறங்க வேண்டும். சிவகாசி அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், என்னைத் தேடி வரும் எல்லோருக்கும் சொல்கிற யோசனை இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலியின் தென்கோடிப் பனங்காட்டிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு நாடார் வணிகர்கள் வடக்கே வந்தார்கள். வழியில் கொள்ளை பயம். இரவில் வண்டியை அவிழ்த்துவிட்டு நிம்மதியாகக் கண் மூட ஓர் இடம் வேண்டியிருந்தது. அதற்காக ஊருக்கு ஊர் மதில் எழுப்பிக் கட்டியவைதான் பேட்டைகள். உள்ளே கிணறு, மாடு கட்ட இடம், சரக்கு இறக்கக் கொட்டகை. வந்து தங்குகிறவர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்குக் கொடுத்தார்கள். அதற்கு மகமை என்று பெயர். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்கள் இப்படி வளர்ந்தவை.

மகமைப் பணத்தை ஊர் நாடார்களின் பொது அமைப்பான உறவின்முறை நிர்வகித்தது. கிணறு வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பிறகு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். விருதுநகர் சத்திரிய வித்யாசாலை அப்படி வந்தது. வீட்டில் சோற்றுக்கு அரிசி அளக்கும்போது பெண்கள் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்து அந்தப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். 1903-இல் பிறந்த காமராஜர் அங்கே படித்தார். குடும்பச் சூழலால் பாதியில் நிறுத்தினார். பின்னாளில் முதலமைச்சராகி ஊர் ஊராகப் பள்ளி திறந்து மதிய உணவும் போட்டார். பிடியரிசியில் நடந்த பள்ளியில் உட்கார்ந்தவருக்கு அந்த எண்ணம் வந்ததில் எனக்கு வியப்பே இல்லை. சுலோச்சன நாடார் தெருவில் அவர் வீடு நினைவில்லமாக இருக்கிறது. ஒரு முதலமைச்சரின் தாயார் வாழ்ந்த வீடு எவ்வளவு சிறியது என்று குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

அதே ஊரில் தேசபந்து மைதானத்தையும் பார்க்காமல் வராதீர்கள். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்ற கோரிக்கையோடு தியாகி சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-இல் உண்ணாவிரதம் தொடங்கினார்; அந்த மைதானத்தில் அது தொடர்ந்தது. எழுபது நாளுக்கும் மேல் உணவின்றிக் கிடந்து அக்டோபர் 13-இல் உயிர்நீத்தார். அந்தப் பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14-இல். நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளும் நாட்டின் பெயருக்கு உயிர்விலை கொடுத்த ஊர் இது. இங்கே வருகிறவர்கள் எண்ணெய்ப் பரோட்டாவை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு ரயிலில் வாருங்கள். 1927-இல் திறந்த தென்காசிப் பாதை அது. ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடும் சீமைக்கருவேலமும்தான் தெரியும். மழை குறைவு, வெயில் அதிகம். மானாவாரி விவசாயம் கைவிட்ட ஆண்டுகளில் இங்குள்ளவர்கள் வேறு பிழைப்புத் தேடித்தான் ஆக வேண்டியிருந்தது. அதோடு 1899 ஜூன் 6-இல் சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டு வீடுகள் எரிந்தன. நாடார்களின் கோயில் நுழைவு உரிமையை ஒட்டி முற்றிய பகை அது. சாம்பலிலிருந்து ஊரைத் திரும்ப எழுப்பிய தலைமுறையின் பிள்ளைகள்தான் அடுத்த பயணத்தைத் தொடங்கினார்கள்.

1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டி மீதான இறக்குமதி வரியை அரசு குரோசுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. உள்நாட்டில் செய்தால் விற்கும் என்ற நிலை பிறந்தது. அந்தச் சமயத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனார்கள். இருவரும் நெருங்கிய உறவினர்கள், இளைஞர்கள். மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்தார்கள். இயந்திரத்தைவிடக் கைவேலைதான் இங்கே கட்டுபடியாகும் என்பதை விரைவில் கண்டுகொண்டார்கள். குச்சிக்கான மரம் கேரளத்திலிருந்து வந்தது. மருந்தும் குச்சியும் காய வெயில் இருந்தது. குச்சிகளைக் கட்டையில் அடுக்கவும் பெட்டி ஒட்டவும் கிராமத்துப் பெண்கள் இருந்தார்கள்.

தீப்பெட்டி வந்ததும் அதன் மேல் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. என் தகப்பனார் கல் அச்சில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் படத்தைக் கல்லில்தான் எடுப்பார்கள். பழைய படத்தை அழிக்க ஒரு கல்லின் மேல் மணலும் தண்ணீரும் தூவி, இன்னொரு கல்லைக் கவிழ்த்துப் போட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். இரண்டு கல்லும் கண்ணாடியாக வந்த பிறகு ஓவியர் எண்ணெய்ப் பிசுக்குள்ள மையால் அதில் எழுதுவார், எழுத்தெல்லாம் இடம்வலம் மாறி. கல்லைத் தண்ணீரில் நனைத்து உருளையால் மை பூசினால் ஈரம் உள்ள இடம் மையைத் தள்ளிவிடும். பிசுக்குள்ள கோடு மட்டும் மையைப் பிடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். நிறம் ஒரு மயிரிழை விலகினாலும் கிளி படத்துக்கு இரண்டு அலகு வந்துவிடும். "கல்லு சரியாத் தேயலைன்னா பழைய படம் பேயா எந்திரிச்சு வரும்ல" என்று அப்பா சொல்வார்.

அந்த லேபிள் அச்சகங்கள்தான் பின்னர் காலண்டர் அச்சகங்களாக வளர்ந்தன. பக்கத்தில் கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் இங்கே அச்சாகி, தமிழர் வீட்டுச் சுவர்களில் எல்லாம் குடியேறினார்கள். இன்றும் புத்தாண்டுக் காலண்டருக்கான ஆல்பத்தை ஆடிப்பெருக்கு நாளில் பூஜை போட்டுத்தான் வெளியிடுகிறோம். அச்சகங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆடி, ஆவணியில் வாருங்கள். தீபாவளி முடிந்த கையோடு வந்தால் பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும்.

பட்டாசு கடைசியாக வந்த தொழில். வண்ணத் தீக்குச்சி செய்த அனுபவத்திலிருந்து மத்தாப்புக்கும் வெடிக்கும் நகர்ந்தார்கள். 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் கட்டாயமானது. இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டுச் சரக்கு நின்றதும் சிவகாசிச் சரக்குக்குச் சந்தை திறந்தது. குட்டி ஜப்பான் என்று நேரு பெயர் வைத்தார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வோம்.

பெருமையை மட்டும் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. விடியுமுன் கிராமத்துக்கு வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். நான் பார்த்து வளர்ந்த காட்சி அது. 1990-இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தில் அதை உலகுக்குக் காட்டினார். 1996 டிசம்பர் 10-இல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கி, குழந்தைகளை வேலைக்கு வைத்தவர்கள் ஈடு கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்தபோது உதவ ஓடிவந்த அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும் மாண்டார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. காற்றுக்கு அது நல்லது, ஆனால் சரம் பின்னிப் பிழைத்த பெண்களுக்கு மாற்றுவேலையை யாரும் கையில் கொடுக்கவில்லை.

எனவே ஆலையின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். ஒரு அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று கணக்கு இருக்கிறது; கூடுதலாக ஒருவர் நிற்பதே ஆபத்து. மனிதர்களைப் பார்க்க வேண்டுமானால் சாயங்காலம் பேருந்து நிலையத்தில் நில்லுங்கள். வேலை முடிந்து அலுமினியத் தூள் படிந்த கையோடு பெண்கள் வருவார்கள். "எந்த ஊருக்கா?" என்று கேளுங்கள். தங்கள் ஊரையும் வேலையையும் பற்றி அவர்கள் சொல்லும் விவரம் எந்தக் கையேட்டிலும் இல்லை.

நேரம் இருந்தால் பக்கத்தில் திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாள் கோயிலுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கும் போய் வாருங்கள். சாத்தூரில் சேவு வாங்குங்கள். பட்டாசும் வாங்குங்கள், உரிமம் உள்ள கடையில், ரசீது கேட்டு வாங்குங்கள். உரிமமில்லாத இடத்தில் செய்த சரக்கு எந்த விதிக்கும் கட்டுப்படாத அறையில், யாரோ ஒரு பெண் உயிரைப் பணயம் வைத்துச் செய்தது. பத்து ரூபாய் குறைகிறதே என்று அதை வாங்காதீர்கள்.