கோவலனுக்கு ஒரு வக்கீல் இருந்திருந்தால்

(இணையவழிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கனடாவில் மதியச் சாப்பாட்டு நேரம், சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்த நேரத்திலும் வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதலில் நன்றி.

இலக்கியக் கூட்டத்தில் சட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒருங்கிணைப்பாளர் கொஞ்சம் யோசித்தார். நம் காப்பியம் ஒன்றே ஒரு வழக்கைப் பற்றியதுதானே என்றேன். ஒப்புக்கொண்டார்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் நின்று வாதாடுவதை நாம் எல்லோரும் அறிவோம். மேடையில், பாடப்புத்தகத்தில், திரையில் பார்த்திருக்கிறோம். ஆனால் காதைகளின் வரிசையைக் கவனியுங்கள். வழக்குரை காதை வருவதற்கு முன்பே கொலைக்களக் காதை முடிந்துவிடுகிறது. கோவலன் வெளியூர்க்காரன். மதுரையில் அவனைத் தெரிந்தவர்கள் இல்லை. பொற்கொல்லன் சொன்னதை அரசன் கேட்டான். கோவலன் சொல்வதை யாரும் கேட்கவில்லை. பிடிக்க வந்த காவலருக்கே, இவன் கள்வனைப் போல் இல்லையே என்ற தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. பிறகு வந்த வாதம் எவ்வளவு சிறப்பாக இருந்தும் போன உயிர் வரவில்லை.

ஏழைக்கும் அந்நியனுக்கும் இலவசமாகப் பேசும் வக்கீல் என்பவர், கொலைக்களக் காதைக்கு முன்பே வந்துவிடுகிற வழக்குரை காதை. அப்படி வந்தவர்களின் வரலாற்றைத்தான் இன்று பேசப் போகிறேன். நான் வக்கீல் அல்ல. மியூனிக்கை ஒட்டிய கார்ஹிங்கில் வசிப்பவன். இங்குள்ள ஆய்வு நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் ஜெர்மன் கடிதங்களைப் படித்துச் சொல்வது பல வருடங்களாக என் சனிக்கிழமை வேலை. அதனால்தான் இந்த வரலாற்றைத் தேடிப் போனேன். தூரமாகப் போக வேண்டியிருக்கவில்லை.

கார்ஹிங்கில் யு6 ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் மியூனிக் நகரின் நடுவில் இறங்கலாம். அங்கே எட்ஸ்ட்ராசே என்ற தெருவில் போலீஸ் தலைமையகம் இன்றும் இருக்கிறது. 1933 மார்ச் 10ஆம் தேதி மிஷேல் சீகல் என்ற யூத வக்கீல் அங்கே போனார். அவருடைய கட்சிக்காரரான வணிகர் மாக்ஸ் ஊல்ஃபெல்டரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதைக் கேட்கத்தான் போனார். நாஜிகள் ஆட்சிக்கு வந்து ஆறு வாரங்கள்கூட ஆகவில்லை. உள்ளே அவரை அடித்து, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் வெட்டி, வெறுங்காலுடன் தெருத்தெருவாக நடக்கவைத்தார்கள். இனி ஒருபோதும் போலீசைப் பற்றிப் புகார் சொல்லமாட்டேன் என்ற பொருளில் ஒரு பலகை அவர் கழுத்தில் தொங்கியது. அந்தப் புகைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருக்கலாம். சீகல் தப்பினார். 1940இல் பெரு நாட்டுக்குப் போனார். 1979இல் லீமாவில் தன் தொண்ணூறுகளில் இறந்தார்.

அவர் செய்தது ஒரு வக்கீலின் அன்றாட வேலை. இன்னொருவர் சார்பில் போய், 'ஏன்?' என்று கேட்டார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஆட்சி முதல் வாரங்களிலேயே அடக்க நினைத்தது அந்தக் கேள்வியைத்தான்.

கார்ஹிங்கிலிருந்து மேற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் டாஹாவ். அங்கிருந்த வதைமுகாமில் 1938 பிப்ரவரி 5ஆம் தேதி ஹான்ஸ் லிட்டன் என்ற வக்கீல் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். அப்போது அவருக்கு 34 வயது. லிட்டன் பெர்லினில் தொழிலாளர்களுக்காக வாதாடியவர். 'சிவப்பு உதவி' என்ற அமைப்பு, பணமில்லாத தொழிலாளர்களுக்கு வக்கீல் ஏற்பாடு செய்துகொடுத்தது. அதன் வழக்குகளை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். 1930 நவம்பரில் ஈடன் என்ற நடன அரங்கில் நாஜிப் படையினர் தொழிலாளர்களைத் தாக்கினார்கள். காயப்பட்டவர்கள் சார்பில் ஆஜரான லிட்டன், 1931 மே 8ஆம் தேதி ஹிட்லரையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் குறுக்கு விசாரணை. கட்சியின் வன்முறைக்கும் தலைமைக்கும் தொடர்பில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஹிட்லர் தடுமாறினார், கோபத்தில் கத்தினார். 1933 பிப்ரவரி 28 அதிகாலையில் லிட்டனைக் கைது செய்தார்கள். ஐந்து வருடங்கள் முகாம் முகாமாக மாற்றினார்கள். கடைசி முகாம் நம் பக்கத்து ஊர். இன்று பெர்லினில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் இருக்கிறது. ஜெர்மன் வக்கீல்களின் சங்கம் இருக்கும் கட்டடமும் அவர் பெயரில்தான்.

லிட்டனைப் பற்றி நூல்கள் வந்திருக்கின்றன. அதிகம் பேசப்படாத ஒருவரைச் சொல்கிறேன். எலிசபெத் கோன், மியூனிக்கின் முதல் பெண் வக்கீல்களில் ஒருவர். 1928இல் பதிவு செய்தார். 1933 ஏப்ரல் 7ஆம் தேதிச் சட்டம் யூத வக்கீல்களைத் தொழிலிலிருந்து நீக்க வழிசெய்தது. முதல் உலகப் போரில் களத்தில் நின்றவர்களுக்கும், 1914 ஆகஸ்டுக்கு முன்பே பதிவு செய்தவர்களுக்கும் அப்போதைக்கு விலக்கு இருந்தது. 1902இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இரண்டும் பொருந்தாது. தொழில் போனது. அதன் பிறகு அவர் மியூனிக் யூத சமூகத்தின் நலப்பணியில் சேர்ந்து, நாட்டைவிட்டு வெளியேற வழி தேடிய மக்களுக்கு உதவினார். தான் வெளியேறவில்லை. 1941 நவம்பர் 20ஆம் தேதி தாயுடனும் தங்கையுடனும் ரயிலேற்றப்பட்டு, ஐந்து நாள் கழித்து லித்துவேனியாவின் கவுனாஸில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனி நான் சொல்ல வந்த மையமான விஷயம். வக்கீல்களை நீக்கியதோடு அந்த ஆட்சி நிற்கவில்லை. நீக்கப்பட்ட வக்கீல் வீட்டில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு மனு எழுதிக் கொடுத்தால் என்ன செய்வது? அதற்கும் 1935 டிசம்பர் 13ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது. அனுமதி இல்லாத யாரும் சட்ட ஆலோசனையைத் தொடர்ந்து செய்யக் கூடாது. யூதர்களுக்கு அனுமதி கிடையாது என்று விதிகளில் எழுதினார்கள். காசு வாங்காமல் செய்தாலும் தடைதான். திரும்பத் திரும்பச் செய்யும் எண்ணம் இருந்தாலே போதும். தகுதியில்லாத ஆலோசகர்களிடமிருந்து மக்களைக் காப்பாற்றவே இந்தச் சட்டம் என்று காரணம் சொன்னார்கள்.

போர் முடிந்தது. ஆட்சி போனது. யூதர்களைப் பற்றிய விதியை எடுத்துவிட்டார்கள். சட்டம் அப்படியே இருந்தது. ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை, 2008 வரை.

இங்கேதான் நம் கதையும் வருகிறது. 1983 ஜூலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் மேற்கு ஜெர்மனிக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அகதி விண்ணப்பம் என்பது கதை சொல்வது மாதிரித்தான். ஆனால் கேட்பவர் முடிவெடுக்கும் அதிகாரி. எதை முதலில் சொல்வது, எந்தத் தேதியை எழுதுவது, மறுப்புக் கடிதம் வந்தால் எத்தனை நாளில் மேல்முறையீடு செய்வது என்பவை உயிர்ப் பிரச்சினைகள். நாலு வருடம் முன்னால் வந்து ஜெர்மன் கற்றுக்கொண்ட ஓர் அண்ணன், புதிதாக வந்த தம்பிக்குக் கடிதத்தை மொழிபெயர்க்கலாம். ஆனால் இப்படி வாதாடு, இந்தப் பிரிவைக் காட்டு என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தால், அவர் 1935ஆம் வருடத்துச் சட்டத்தின் எல்லைக்குள் போய்விடுவார். ஒரு காசு வாங்காவிட்டாலும்.

இதை உடைக்க உதவியவர் ஒரு நீதிபதி. ஹெல்முட் கிராமர், பிரவுன்ஷ்வைக் மேல்நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ராணுவச் சேவையையும் அதற்கு மாற்றான சேவையையும் மனச்சாட்சியின் பேரில் மறுத்தவர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்தார். வாழ்நாள் முழுக்கச் சட்டத்தோடு வாழ்ந்த மனிதருக்கு, அனுமதியில்லாமல் ஆலோசனை சொன்னார் என்று அபராதம் போட்டார்கள். அவர் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனார். அனுபவமுள்ள சட்ட அறிஞர் ஒருவர் காசு வாங்காமல் செய்யும் உதவியை இந்தச் சட்டம் தடுக்கிறது என்று இயந்திரம்போல் முடிவு செய்யக் கூடாது என்று 2004 ஜூலை 29ஆம் தேதி அந்த நீதிமன்றம் சொன்னது. 2008 ஜூலை 1ஆம் தேதி புதிய சட்டம் வந்தது. இலவச உதவி இனி குற்றமில்லை. குடும்பம், அயலார், நெருங்கியவர் என்ற வட்டத்துக்கு வெளியே செய்தால் மட்டும், முழுத் தகுதி பெற்ற ஒரு சட்ட அறிஞரின் வழிகாட்டுதல் வேண்டும். அந்த வாசல் வழியாகத்தான் சட்ட மாணவர்கள் அகதிகளுக்கு ஆலோசனை சொல்லும் மையங்கள் பல்கலைக்கழக ஊர்களில் பெருகின. மியூனிக்கிலும் ஒன்று இருக்கிறது.

இது ஜெர்மனிக்கு மட்டுமான கதையா? நம் ஊருக்குப் போவோம். ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளை வக்கீல். அவர் மகன் வ.உ.சிதம்பரமும் வக்கீல். மகன் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடினார். 1900இல் தூத்துக்குடிக்குப் போனார். 1908இல் கோரல் மில் தொழிலாளர் பக்கம் நின்றார். அதே வருடம் தண்டனை. அதோடு வக்கீல் சன்னதும் பறிபோனது. செக்கிழுத்ததை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சன்னது பறிபோனதை அவ்வளவாக நினைப்பதில்லை. சிறையிலிருந்து 1912இல் வெளியே வந்த மனிதருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். கடை வைத்துப் பார்த்தார், வறுமை தீரவில்லை. பல வருடம் கழித்து வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

1979இல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தது. குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிகக் காலம் சிலர் உள்ளே இருந்துவிட்டார்கள். கபிலா ஹிங்கோரானி என்ற வக்கீல் உச்ச நீதிமன்றம் போனார். அந்தக் கைதிகளில் யாரும் அவரை அமர்த்தவில்லை. பாதிக்கப்பட்டவரோ உறவினரோதான் வழக்குப் போடலாம் என்பது அன்றைய வழக்கம். அதை மீறித்தான் போனார். ஹுசைனாரா கத்தூன் வழக்கு என்று அது பெயர் பெற்றது. ஏறத்தாழ 40,000 விசாரணைக் கைதிகள் விடுதலையாக அது வழிசெய்தது. இலவசச் சட்ட உதவி ஏழையின் உரிமை என்றும் நீதிமன்றம் சொன்னது. 1976இலேயே அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவாக எழுதிவைத்த வார்த்தைக்கு அப்போதுதான் உயிர் வந்தது. 1987இல் இயற்றிய சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9ஆம் தேதி அமலுக்கு வந்தது.

இந்த எல்லாக் கதைகளிலும் ஒரே கேள்விதான் இருக்கிறது: இன்னொருவருக்காகப் பேச யாருக்கு அனுமதி? பலகை மாட்டினாலும், சன்னதைப் பறித்தாலும், தரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சட்டம் போட்டாலும் அதிகாரம் தொட்டது அந்த இடத்தைத்தான். சோறு போடுகிறவரை அரசுகள் பெரும்பாலும் விட்டுவைக்கின்றன. உரிமையை எடுத்துச் சொல்கிறவரை அப்படி விடுவதில்லை. இலவசச் சட்ட உதவியை நாம் தர்மக் கணக்கில் எழுதிவிடுகிறோம். அது தர்மம் மட்டும் இல்லை. கொடுப்பவரின் நல்ல மனசு போதாது. அவர் பேசலாம் என்று நாட்டின் சட்டமும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தை வாங்கித் தந்தவர்களும் கிராமர், ஹிங்கோரானி மாதிரித் தனி ஆட்களே.

இப்போது இங்கே என்ன இருக்கிறது? கார்ஹிங்கில் வசிக்கும் ஒருவருக்கு வருமானம் குறைவாக இருந்தால், மியூனிக்கிலுள்ள அம்ட்ஸ்கெரிக்ட் என்ற கீழ்நீதிமன்றத்தில் பெராட்டுங்ஸ்ஷைன் என்ற ஆலோசனைச் சான்று கேட்கலாம். 1981 முதல் நடப்பில் உள்ள ஏற்பாடு. சான்றோடு வக்கீலிடம் போனால் 15 யூரோ. அதையும் அவர் வேண்டாம் என்று விடலாம். மீதியை அரசு கொடுக்கும். நீதிமன்ற வழக்குக்குத் தனி உதவித் திட்டம் உண்டு. ஆனால் தோற்றால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவு நம் தலையில்தான் விழும். அதையும் தெரிந்துதான் இறங்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: ஜெர்மனியில் வழக்காடும் வக்கீல் தன் கட்டணத்தை முதலிலேயே இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. வேலை முடிந்த பிறகு, கட்சிக்காரரின் ஏழ்மையைப் பார்த்துத் தள்ளுபடி செய்யலாம். சான்று பெறும் தகுதியுள்ளவருக்கு, நீதிமன்றத்துக்கு வெளியே செய்யும் வேலையை முழுக்க இலவசமாகச் செய்யலாம் என்று 2014 முதல்தான் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது.

என் சனிக்கிழமைகளில் நான் பார்ப்பது என்னவென்றால், நம்மவர்கள் பெரும்பாலும் தோற்பது சட்டத்தால் அல்ல, தேதியால். வேலையிலிருந்து நீக்கினால் மூன்று வாரத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டால் பொதுவாக இரண்டு வாரம்; சில வகை மறுப்புகளில் ஒரே வாரம். மஞ்சள் உறையில் வந்த கடிதத்தை, 'ஊருக்குப் போய் வந்து பார்த்துக்கலாம்' என்று மேசையில் வைத்துவிடுகிறார்கள். உறையின் மேலே தபால்காரர் எழுதும் தேதியிலிருந்து நாள் எண்ணப்படுகிறது. வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது அந்த உறையைத்தான். கடிதத்தைப் படித்துச் சொல்வேன். அடுத்து என்ன செய்வது என்று சொல்வது வக்கீலின் வேலை, அவரிடம் கூடப் போவேன். தமிழில் ஆரம்பித்து அழுதுகொண்டே சொல்வதை, தேதி வாரியாக ஜெர்மனில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இந்தக் கூட்டத்தில் இருக்கும் உங்களில் பலருக்கு இரண்டு மொழி நன்றாகத் தெரியும். சட்டம் படித்த இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் இலவசச் சட்ட ஆலோசனை எங்கே, எந்தக் கிழமை கிடைக்கிறது என்று தெரிந்து வையுங்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் தேவையா என்று கேளுங்கள். கடித உறையோடு யாராவது வந்தால், தேதியைப் பாருங்கள். மதுரைக்குப் புதிதாக வந்தவனுக்கு அன்று தேவைப்பட்டது அவ்வளவுதான்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.