பளியர் நோய் நம்பிக்கைகளும் மருத்துவமும்

பளியர், மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழகச் சரிவுகளில் வாழும் பழங்குடியினர். தேனி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர் மாவட்டங்களில் இவர்களின் குடியிருப்புகள் உள்ளன. விருதுநகர் மாவட்டத்தில் மகாராஜபுரத்தை அடுத்த தாணிப்பாறையிலும் திருவில்லிபுத்தூர் அருகே செண்பகத்தோப்பிலும் வசிக்கின்றனர். தேன், கிழங்கு, நெல்லிக்காய் சேகரிப்பது இவர்களின் பழைய தொழில்.

நம்பிக்கையும் சடங்கும்

காய்ச்சல், விஷக்கடி, வயிற்றுவலி போன்றவற்றுக்கு முதலில் மூலிகையைத் தேடுவர். சிறியாநங்கை, ஆடுதீண்டாப்பாளை முதலியவை விஷக்கடிக்குப் பயன்படுகின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத நோயைச் சாமிக் குற்றமாகவோ ஆவிகளின் சேட்டையாகவோ கருதுவதுண்டு. அப்போது சாமியாடியிடம் குறி கேட்பர். அருள் வந்ததும் அவர் உடல் நடுங்க ஆடுவார். உறவினர் கேட்கும் கேள்விகளுக்குச் சாமியே பேசுவதுபோல் விடை சொல்வார். நோயின் காரணமும் பரிகாரமும் அந்த வாக்கில் வெளிப்படும் என்பது நம்பிக்கை. ஒருவர்மீது ஒருவர் அதிகாரம் செலுத்துவதை விரும்பாத சமூகம் இது. அதனால், மனிதர் சொன்னால் ஏற்காத அறிவுரையும் சாமி வாக்காக வரும்போது ஏற்கப்படுகிறது.

பதிவுகளின் வரலாறு

சேசு சபைப் பாதிரியார் எஃப். தாமென், பழனிமலைப் பளியர் பற்றி 1908இல் 'ஆந்த்ரோபோஸ்' இதழில் எழுதினார். 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதி நூலிலும் இவர்கள் இடம்பெற்றனர். அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1962 முதல் 1964 வரை பளியரிடையே களஆய்வு செய்து, அவர்களின் சமத்துவ வாழ்வை விரிவாகப் பதிவு செய்தார். பின்னர் ஆய்வாளர்களின் கவனம் மூலிகைகள் பக்கம் திரும்பியது. தேனி மாவட்டப் பளியரின் மருந்துச் செடிகள் குறித்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. செடியின் பெயரும் பயனும் அட்டவணையில் ஏறிய அளவுக்குச் சடங்குகள் பதிவாகவில்லை.

காடும் உரிமையும்

பளியர் வாழும் மலைப்பகுதியில் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988இல் அமைந்தது. அதை மேகமலைச் சரணாலயத்துடன் இணைத்து 2021இல் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. மூலிகை பறிக்கும் இடங்களும் வழிபடும் இடங்களும் ஒரே காட்டில் இருப்பதால், காட்டுக்குள் போகும் உரிமை பளியர் மருத்துவத்தின் அடிப்படைக் கேள்வியாகிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பல்லுயிர் வளத்தை அணுகும் உரிமையையும், மரபறிவின் மீதான சமூக உரிமையையும் அங்கீகரிக்கிறது. காட்டு மருத்துவம் ஒருபுறமிருக்க, ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்த பின்னும் ஆஸ்பத்திரி மருந்தையும் குறி கேட்பதையும் பளியர் ஒருசேரக் கைக்கொள்கின்றனர். இந்த வழக்கம் அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. சமவெளிக் கிராமங்களிலும் அது உண்டு.