விக்கர்ஸ் துப்பாக்கிக்கு எத்தனை ஆள்?

பிரிட்டிஷ் காலாட்படையை 28 மில்லிமீட்டர் பொம்மைகளாக மேஜையில் நிறுத்திப் போர் விளையாடுபவர்களிடம் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி ஒன்றாவது இருக்கும். 1912-இல் படையில் சேர்ந்து 1968 வரை ஓடிய ஆயுதம் அது. ஒரே அச்சு, இரண்டு உலகப் போருக்கும் ஆகும். பெட்டியைப் பிரித்தால் பெரும்பாலும் துப்பாக்கி ஒன்று, முக்காலி ஒன்று, ஆள் மூணு பேர்.

இந்த மூணு பேர் கணக்கைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒட்டுகிற வேலை. உலோக வார்ப்பு என்றால் பிளாஸ்டிக் பசை பிடிக்காது, சூப்பர் க்ளூதான். முக்காலியின் கால்கள் மூன்றையும் பேஸில் ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகே துப்பாக்கியை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் மூக்கு கவிழ்ந்துவிடும். தோட்டா பெல்ட் வலது பக்கம்தான் நுழையும், அதனால் இரண்டாம் ஆள் வலப்புறம் இருக்கணும். சுட்ட கூடுகள் துப்பாக்கிக்கு அடியில் விழும். பித்தளைக் குவியலைப் பக்கத்தில் வைத்துப் பெயின்ட் அடித்திருப்பதை நிறைய படங்களில் பார்க்கிறேன், கண்ணை உறுத்துது. பெல்ட் துணி. அதற்கு அழுக்கு வெள்ளை அடித்து, தோட்டா நுனிகளுக்கு மட்டும் பித்தளை நிறம் தொட்டால் போதும். குழலைச் சுற்றியிருக்கும் தடித்த உறைக்கு முதலில் கறுப்பு, அதன்மேல் இரும்பு நிறத்தில் லேசாக டிரை பிரஷ்.

அந்த உறைக்குள் இருப்பது தண்ணீர், சுமார் 4 லிட்டர். விடாமல் சுட்டால் 600 தோட்டா வாக்கில் கொதிக்கத் தொடங்கும். ஆவி மேலே எழுந்தால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். அதனால் ஒரு ரப்பர் குழாய் வழியாக ஆவியை ஒரு டின்னுக்குள் இறக்கி, திரும்பத் தண்ணீராக்கிக்கொள்வார்கள். பொம்மையில் இந்தக் குழாய் பல நேரம் இருக்காது. பழைய இயர்போன் கம்பி ஒரு துண்டு போதும், நாமே போட்டுக்கொள்ளலாம்.

இப்போ எடைக்கு வருவோம். தண்ணீரோடு துப்பாக்கி சுமார் 18 கிலோ, முக்காலி 22 கிலோவை ஒட்டி. 250 தோட்டா பெல்ட் அடங்கிய பெட்டி 10 கிலோ. நிமிடத்துக்கு 450 தோட்டாவுக்குக் குறையாத வேகத்தில் ஒரு பெட்டி அரை நிமிடத்தில் காலி. இதை மூணு பேர் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா? நடக்கவில்லை. இயந்திரத் துப்பாக்கிப் படையில் இருந்த ஜார்ஜ் கோப்பார்ட் தன் நினைவுக் குறிப்பில் ஆறு பேர் கணக்குச் சொல்கிறார். முதல் ஆள் சுடுவார், முக்காலி தூக்குவார். இரண்டாம் ஆள் பெல்ட்டைப் பிடிப்பார், துப்பாக்கி தூக்குவார். மூன்றாமவர் தோட்டா, தண்ணீர், உதிரி பாகம் குறையாமல் பார்த்துக்கொள்வார். மிச்ச மூணு பேர் சுமக்கவும், வேவு பார்க்கவும், தூரம் அளக்கவும்.

1916 ஆகஸ்ட் 24, சோம் போர்க்களத்தில் ஹை வுட் காடு. 100-ஆம் இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனியின் 10 விக்கர்ஸ்கள் 12 மணி நேரத்தில் ஏறக்குறைய 10 லட்சம் தோட்டா சுட்டதாக ஹட்சிசன் என்ற அதிகாரி எழுதினார். அந்த எண்ணைச் சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. என்ஜினியர் புத்தி, நானும் வகுத்துப் பார்த்தேன். துப்பாக்கிக்கு நிமிடத்துக்கு 139 தோட்டா. இயந்திரத்தால் முடியாத வேகம் இல்லை. ஆனால் 250 வீதம் 4,000 பெட்டி, அதாவது 40 டன். இதை முன்வரிசைக்கு யார் கொண்டுபோனது? அதே கதையிலேயே பதில் இருக்கு: தோட்டாவும் தண்ணீரும் சுமக்க இரண்டு காலாட்படைக் கம்பெனிகள் முழுசாக இறக்கப்பட்டன. சுட்டவர்களைவிடச் சுமந்தவர்கள் பல மடங்கு. 10 லட்சம் என்ற எண்தான் எல்லாப் புத்தகத்திலும் திரும்பத் திரும்ப வருது, அந்த இரண்டு கம்பெனி வருவதில்லை.

மேஜையில் தூரம் சுருங்குவது எல்லோருக்கும் தெரியும். போல்ட் ஆக்‌ஷன் விளையாட்டில் இந்த ரகத் துப்பாக்கிக்கு 36 அங்குலம்தான் எட்டு தூரம். 1/56 அளவில் அது 51 மீட்டர். நிஜ விக்கர்ஸ் 2,000 கஜத்துக்கு மேல் சுடும், அந்த அளவில் மேஜையைத் தாண்டி தெருவுக்கே போய்விடும். அதை ஒப்புக்கொண்டுதான் ஆடுகிறோம். ஆள் சுருங்குவதை மட்டும் யாரும் பேசுவதில்லை. 1915 அக்டோபரில் தொடங்கி 1922-இல் கலைக்கப்பட்ட அந்தப் படையில் 1,70,500 பேர் இருந்தார்கள். 62,049 பேர் காயமோ மரணமோ கண்டார்கள், இறந்தவர்கள் 12,498. பெட்டியில் வராத நாலாவது, அஞ்சாவது, ஆறாவது ஆட்களும் இதில் அடக்கம்.

அதனால் நான் ஒவ்வொரு விக்கர்ஸுக்கும் இன்னொரு பேஸ் செய்கிறேன். சாதாரண ரைஃபிள் பொம்மைகள் மூணு, துப்பாக்கியைக் கையிலிருந்து வெட்டிவிட்டு, இருவருக்குப் பக்கத்துக்கு ஒன்றாகத் தோட்டாப் பெட்டி, ஒருவருக்குத் தண்ணீர் டின். பெட்டிக்கு பிளாஸ்டிக் ஸ்பிரூவில் வெட்டின துண்டு போதும். முதுகை வளைத்து வைப்பதுதான் கஷ்டம், கொஞ்சம் எபாக்ஸி புட்டி வேணும். எங்கள் ஆட்டத்தில் ஒரு விதியும் சேர்த்தோம்: மூணு சுற்று சுட்ட பிறகு, இந்த பேஸ் வந்து தொடும் வரை துப்பாக்கி வாய் மூடணும்.

விதி வந்து ரெண்டாவது ஆட்டத்திலேயே எதிராளி விக்கர்ஸை விட்டுவிட்டார். அவர் மோர்ட்டார் முழுக்கத் தண்ணீர் டின்காரனைத்தான் தேடியது.