எம்.ஏ. முடிச்சவர் ஏன் மறுபடி பி.எஸ்சி. படிச்சார்?

கே.ஆர். நாராயணனின் வாழ்க்கைக் குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் ஒரு இடத்தில் நின்றுவிடுவேன். குடியரசுத் தலைவர் ஆனதெல்லாம் பிறகு. அதற்கு ரொம்ப முன்னால், திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார், முதலிடம். கொஞ்ச காலம் 'இந்து', 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' பத்திரிகைகளில் வேலை. 1945ல் டாட்டா உதவித்தொகையில் லண்டன் போய், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சேர்ந்தார். சேர்ந்தது ஆராய்ச்சிக்கு இல்லை, பி.எஸ்சி.க்கு. மறுபடியும் இளங்கலை!

அம்பேத்கர் அங்கே போனது மேற்படிப்புக்கு: 1921ல் எம்.எஸ்சி., 1923ல் டி.எஸ்சி. அது புரிகிறது. எம்.ஏ. கையில் இருக்கிறவர் எதுக்குக் கீழே இறங்கணும்? வேறு துறைக்கு மாறினார் என்பது சுலபமான பதில். அந்த பி.எஸ்சி. எப்படி உருவானது என்று தேடப் போனபோதுதான், நம்ம ஊர் பி.ஏ. பற்றியும் ஒரு விஷயம் பிடிபட்டது.

எல்.எஸ்.இ. ஆரம்பத்தில் பட்டம் கொடுக்கிற இடமே இல்லை. ஹென்றி ஹட்சின்சன் என்ற வழக்கறிஞர் ஃபேபியன் சங்கத்துக்கு உயில் எழுதி வைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் தம்பதியும் நண்பர்களும் 1895ல் தொடங்கினார்கள். பெரும்பாலும் மாலை நேர வகுப்புகள். வந்தவர்களில் குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் இருந்தார்கள். பெண்களுக்கும் முதல் நாளிலிருந்தே இடம் உண்டு. பிறகு ரயில்வே கம்பெனிகளும் தங்கள் ஊழியர்களை அனுப்பின. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருகிறவனிடம் சும்மா பாடத்தை ஒப்பிக்க முடியாது. "ஏன் சார் அப்படி?" என்று கேட்பான். இது என் ஊகம்தான், ஆனாலும் அந்த இடத்தின் குணம் அங்கேதான் உருவாகியிருக்க வேண்டும்.

1900ல் எல்.எஸ்.இ. லண்டன் பல்கலைக்கழகத்தின் அங்கமாகிறது. 1901ல் பி.எஸ்சி. (எகனாமிக்ஸ்) வருகிறது. பெயரில் பொருளாதாரம் இருந்தாலும் உள்ளே அரசியல், வரலாறு எல்லாம் உண்டு. முதலில் பல துறைகளைச் சேர்த்துப் படித்து, பிறகு ஒன்றில் ஆழமாகப் போக வேண்டும். நாராயணன் எடுத்தது அரசியல். ஹெரால்ட் லாஸ்கியிடம் படித்து 1948ல் முதல் வகுப்பில் தேறினார். நேருவுக்கு லாஸ்கி கொடுத்தனுப்பிய கடிதத்தின் கதை எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1900 என்ற வருடம். அதுக்கு முன்னால் லண்டன் பல்கலைக்கழகம் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? பாடம் நடத்தவில்லை. 1836ல் தொடங்கியதிலிருந்து பரீட்சை வைப்பது, பட்டம் கொடுப்பது, அவ்வளவுதான். 1858க்குப் பிறகு கல்லூரிப் பக்கமே போகாதவர்கள்கூட எழுதலாம் என்றானது. 1857ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களை உருவாக்கியவர்கள் அச்சு மாறாமல் எடுத்துக்கொண்ட மாதிரி இதுதான். கல்லூரி சொல்லிக்கொடுக்கும், பல்கலைக்கழகம் கேள்வி கேட்கும்.

மூலப்பிரதி 1900ல் திருத்தப்பட்டது. பாடம் நடத்துகிறவர்களே பாடத்திட்டம் எழுதும் குழுவிலும் தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்தார்கள். நகல் எடுத்தவர்கள் அந்தத் திருத்தத்தை முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1904 சட்டம் இந்தியப் பல்கலைக்கழகங்களும் பாடம் நடத்தலாம் என்றது. ஆனால் இளங்கலை பெரும்பாலும் இணைப்புக் கல்லூரிகளிலேயே தங்கிவிட்டது.

நான் பி.ஏ. பொருளாதாரம் படித்தது அப்படியொரு கல்லூரியில். இரண்டாம் வருடம் விவசாயப் பொருளாதாரம் நடந்தபோது, எங்கள் ஊர் ஏரிப் பாசனத்தில் யாருக்கு முதலில் தண்ணீர் என்பதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். சார் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் யுனிவர்சிட்டில கேக்க மாட்டாங்க தம்பி" என்றார். ரொம்ப நாள் அவர்மேல் வருத்தம் இருந்தது. இப்போ இல்லை. பாடத்திட்டம் அவர் எழுதியதில்லை, கேள்வித்தாளும் அவர் எடுத்ததில்லை. பாவம், அவர் கையில் இருந்தது சாக்பீஸ் மட்டும்தான்.

எல்.எஸ்.இ. இளங்கலை இன்றைக்கும் மூன்று வருடம். வருடத்துக்கு நாலு பாடம் அளவுக்குப் படிக்க வேண்டும். பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு விரிவுரை நடக்கும். அதே வாரம் அதே பாடத்துக்குப் பதினைந்து பேர் போல உட்காரும் சின்ன வகுப்பும் உண்டு. விரிவுரையில் ஒளிந்துகொள்ளலாம், சின்ன வகுப்பில் வாயைத் திறந்தே ஆக வேண்டும். அந்த வகுப்பை நடத்துவது பல சமயம் ஆராய்ச்சி மாணவர்கள். நட்சத்திரப் பேராசிரியர் எங்கே என்ற புலம்பல் அங்கேயும் உண்டு. இடையில் எழுதும் கட்டுரைகள் பலவற்றுக்குத் திருத்தம் கிடைக்கும், மதிப்பெண் பட்டத்தில் சேராது. தப்பு செய்ய இடம் கொடுக்கிறார்கள். ஏற்பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

நம்ம பக்கம் இப்படி யாருமே யோசிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1915ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். இங்கிலாந்தில் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்ட வரலாற்றை எழுதியவர். அந்தப் புத்தகம் வந்ததே எல்.எஸ்.இ. நூல் வரிசையில்தான். இங்கே வந்ததும் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, சொந்த கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று விசாரித்து வரச் சொன்னார். அது 1918ல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலப் புத்தகமாக வந்தது. இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி எல்லாம் அதில் இருக்கின்றன. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்தக் கிராமங்களுக்குத் திரும்பப் போனார்கள். 1980களில் இருவேல்பட்டுக்கும் தூசிக்கும் மறுபடி ஆய்வாளர்கள் வந்தார்கள். ஒரே ஊரை இவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இந்தியாவில் குறைவு.

அதற்கு விதை போட்டது மாணவர்கள் ஊருக்குப் போய்க் கேட்டுவந்த கேள்விகள். நான் மூன்று வருடம் பொருளாதாரம் படித்தேன். இந்த ஊர்ப் பெயர்களில் ஒன்றுகூட வகுப்பில் என் காதில் விழவில்லை. தூசி எங்கள் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை.