நீதிபதிகளைப் பிடித்துவரச் சொன்ன சட்டமன்றம்

1964 மார்ச் 21. உயர் நீதிமன்ற நீதிபதிகள் நசிருல்லா பேக், ஜி.டி.சேகல் இருவரையும் காவலில் எடுத்து அவை முன் நிறுத்த வேண்டும் என்று உத்தரப் பிரதேச சட்டமன்றம் தீர்மானம் போட்டது. கைதி ஒருவரை ஜாமீனில் விட்டதுதான் அவர்கள் செய்த குற்றம்.

அந்தக் கைதி கேசவ் சிங், கோரக்பூரைச் சேர்ந்த சோஷலிஸ்ட் தொண்டர். காங்கிரஸ் எம்.எல்.ஏ. ஒருவர் ஊழல் செய்ததாகத் துண்டறிக்கை அடித்து விநியோகித்தவர். இது உரிமை மீறல் என்று கண்டிப்பதற்காக அவையில் நிறுத்தியபோது, சபாநாயகருக்கு முதுகைக் காட்டி நின்றார். கேட்ட கேள்விகளுக்கு வாய் திறக்கவில்லை. ஏழு நாள் சிறை விதித்தார்கள். மார்ச் 19 அன்று வழக்கறிஞர் பி.சாலமன் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வில் ஆட்கொணர்வு மனு போட்டார். பிற்பகல் விசாரணைக்கு அரசுத் தரப்பில் யாரும் வரவில்லை. ஜாமீன் கிடைத்தது. இரண்டே நாளில் அந்தத் தீர்மானம் வந்தது. சாலமனையும் அது விடவில்லை.

நீதிபதிகள் இருவரும் தங்கள் நீதிமன்றத்திலேயே மனுதாரர்களாக நிற்க வேண்டியதாயிற்று! மார்ச் 23 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 28 நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து தீர்மானத்துக்குத் தடை விதித்தார்கள். மூன்றாம் நாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன், அரசமைப்பின் 143-வது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார்.

தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில் ஏழு பேர் அமர்ந்தார்கள். பிரிட்டிஷ் மக்களவைக்கு உள்ள உரிமைகள் அத்தனையும் தங்களுக்கும் உண்டு, அவற்றின் எல்லையை அவையே தீர்மானிக்கும் என்றது சட்டமன்றம். அதற்காக வாதாடிய எச்.எம்.சீர்வை, உச்ச நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு அவை கட்டுப்பட்டதாகாது என்றும் சொல்லிவைத்தார். செப்டம்பர் 30 அன்று ஆறு நீதிபதிகள் சட்டமன்றத்தின் வாதத்தை ஏற்க மறுத்தார்கள். நீதிபதி சர்க்கார் மட்டும் மாறுபட்டார். பிரிட்டனில் நாடாளுமன்றமே உச்சம், இங்கே அரசமைப்பே உச்சம் என்பது பெரும்பான்மையோரின் கருத்து. அவை நடவடிக்கையின் நடைமுறைக் குறையை மட்டும்தான் நீதிமன்றம் கிளறக் கூடாது என்கிறது 212-வது பிரிவு. நீதிபதியின் கடமை சார்ந்த நடத்தையை அவை விவாதிக்கவே கூடாது என்கிறது 211. விவாதிக்கவே கூடாதவரைக் கைது செய்வது எப்படி?

ஆனால் கேசவ் சிங் வெல்லவில்லை. 1965 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. தண்டிக்கும் அதிகாரம் அவைக்கு உண்டு என்றது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அவை தண்டிக்கலாம், தண்டிக்கப்பட்டவன் நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவதைத் தடுக்க முடியாது. எளியவனுக்கு அந்தக் கதவு திறந்திருப்பதே பெரிது என்று நான் கருதுகிறேன்.

1987-ல் ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவைகளின் உரிமைகள் எவை என்பதைச் சட்டமாக வகுக்க அரசமைப்பு இடம் கொடுத்திருக்கிறது. இன்றுவரை யாரும் வகுக்கவில்லை. நாம் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களிடம் அந்தச் சட்டத்தை நாம்தான் கேட்க வேண்டும்.