ஆவூர் பாஸ்காவும் என் பழைய பாடமும்



நம் மாவட்டத்து ஆவூரில், வீரமாமுனிவர் பணியாற்றிய பெரியநாயகி மாதா கோயிலில், ஈஸ்டர் காலத்தில் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடிப்பார்கள். பிறகு தேர்த் திருவிழா. இந்த நாடகத்தை நம் பக்கத்தில் பாஸ்கா என்போம். அது 'பெசாக்' என்ற எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதை யூதர்கள் கொண்டாடும் திருநாள் அது. இயேசுவும் யூதர்தான், அந்தத் திருநாளுக்கே எருசலேம் போனார். ஆமென், அல்லேலூயா இரண்டும் எபிரேயம். திருப்பாடல்கள் இரு சமயத்தாருக்கும் பொது.

இதெல்லாம் தெரியாமல், "யூதர்கள்தான் இயேசுவைக் கொன்றார்கள்" என்று வகுப்பில் பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருக்கிறேன். தவறு. சிலுவைச் சாவுக்குத் தீர்ப்பளித்தவர் ரோமானிய ஆளுநர் பிலாத்து. யூதர் எல்லார் மேலும் அந்தப் பழியைச் சுமத்தக் கூடாதென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே சொல்லிவிட்டது.

உங்கள் பிள்ளைகளுக்காவது சரியாகச் சொல்லிக்கொடுங்கள்.